எழுந்து குந்தினவரு எந்த ஊரு?

1

மொதல்ல அசிங்கத்த சொல்லிடறேன், அப்பறம் மத்தது. கிட்னி ஒடம்புல எந்தப் பக்கம் கீதுன்னு எனக்கு நாப்பத்தெட்டு வயசு வரைக்கும் தெரியாது. தொப்புளுக்கு ரெண்டு பக்கமும், பேண்ட் பாக்கெட்டுல கைய வுட்டா தட்டுப்படற எடத்துல கீதுன்னு நெனச்சிக்கினு இருந்தேன். முதுகாண்ட கீதுன்னு இங்க ஒரு நர்ஸம்மா என்னத் திருப்பி குந்த வெச்சி தட்டிக் காட்டுச்சு. இதுல கேவலம் இன்னான்னா, அத்தத் தெரிஞ்சிக்கறதுக்கு முன்னாடியே நான் கிட்னிய பத்தி வீடியோ போட்டு பேமஸ் ஆயிட்டேன்.

என்னத் தெரியாதவங்களுக்கு சொல்றேன். பெருநகர்காரன். பேரு தாமோதரன், ஊருல தாமு. இருபது வருஷத்துக்கு மேல கனடாவுல, ஸ்கார்பரோன்னு ஒரு எடத்துல கீறேன். ரொட்டி கம்பெனில வேல. ரொட்டி அடுக்கின ட்ரேய வண்டில ஏத்தறது. ஊர்ல கேட்டா “ஃபுட் இண்டஸ்ட்ரி”ன்னு சொல்லுவேன். ரொட்டியும் ஃபுட்டு தான?

எங்க ஊருக்குன்னு போன்ல ஒரு குரூப் கீது. பெருநகர், திருப்புலிவனம், உத்திரமேரூர்னு சுத்துப்பட்டுல என்கூட படிச்சவன், பங்காளி, சொந்தம் எல்லாம் அதுல. வேலைக்கு நடுவுல சாப்பாட்டு நேரத்துல, வர்ற வீடியோவுக்கு நம்ம ஊர் பேச்சுல வாய்ஸ் குடுத்து திருப்பி வுடறது என் பொழப்பு. இங்க ட்ரே தூக்கறவன், அங்க நான் ஸ்டாரு.

ஒரு நாளு ஒரு வீடியோ வந்துச்சு. ஆஸ்பத்திரி கட்டில்ல ஒருத்தரு வெள்ளத் துணி போத்திக்கினு படுத்துக்கினு கீறாரு. சுத்தி டாக்டருங்க. திடீர்னு அவரு எழுந்து குந்தறாரு. எல்லாரும் தெறிச்சி ஓடறாங்க. அம்மாந்தான். கீழ “செத்துட்டதா சொல்லி உறுப்பு திருட்டு, உஷார்”னு எழுதியிருந்துச்சு. எந்த ஊரு, எப்ப எடுத்தது, ஒண்ணியும் தெரியாது. நான் வாய்ஸ் குடுத்தேன். டாக்டரு சொல்றாரு: “யோவ், படுய்யா, இன்னும் ஒண்ணு பாக்கி கீது!” எழுந்தவரு சொல்றாரு: “எடுத்தத எடுத்த எடத்துல வெச்சிட்டு அப்பறம் பேசுடா!”

அது எங்க குரூப்ப தாண்டி, காஞ்சிபுரத்த தாண்டி, எங்கெங்கயோ பூட்ச்சு. கொஞ்ச நாள் கழிச்சி இங்க முருங்கக்கா வாங்கப் போனேன். கடக்காரரு யாழ்ப்பாணத்துக்காரரு. “அண்ணை, இதை ஒருக்கா பாருங்கோ, சிரிச்சுச் சிரிச்சு வயிறு நோகுது”ன்னு போன நீட்டினாரு. பாத்தா என் வாய்ஸு. அது நான்தான்னு சொன்னேன். நம்பல. “அந்தாள் மெட்ராஸ் ஆள் அண்ணை”ன்னாரு. முருங்கக்காய வாங்கிக்கினு வந்துட்டேன். அன்னிக்கு பூரா காத்துல நடந்த மாதிரி இருந்துச்சு.

2

எங்க அக்கா கௌரி. அதோட வூட்டுக்காரரு ஏகாம்பரம் மாமா. உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டாண்ட மோட்டாருக்கு காயில் கட்டற கட வெச்சிருந்தாரு. சுத்துப்பட்டுல எவன் பம்ப்செட்டு பொகைஞ்சாலும் அவராண்ட தான் வரும்.

வீடியோ போட்ட வருஷமே மாமாவுக்கு காலு வீங்க ஆரம்பிச்சுது. செருப்பு சின்னதா பூட்ச்சுன்னு பெரிய சைஸு வாங்கினாரு. அப்பறம் மூஞ்சி வீங்குச்சு. மூஞ்சிக்கு பெரிய சைஸு கெடைக்காதுன்னு அப்பறம் தான் டாக்டராண்ட போனாரு.

“ரெண்டு காயிலும் எரிஞ்சி பூட்ச்சு தாமு”ன்னாரு போன்ல. “நானே கட்டிக்கலாம்னு பாத்தா, உள்ள கை போவல.”

இப்ப வாரத்துல மூணு நாளு காஞ்சிபுரத்துக்கு பஸ்ஸு. அங்க படுத்தா ரத்தத்த மெஷின்ல சுத்த வுட்டு திருப்பி ஏத்தறாங்க. எறங்கி வூட்டுக்கு வந்தா அன்னிக்கு மிச்ச நேரம் பொணம் மாதிரி கெடக்கறாரு. கட மூடிக் கெடக்குது.

நான் போன்ல வீரமா சொன்னேன், “மாமா, நான் குடுக்கறேன். என்னாண்ட ரெண்டு கீது.” அதுக்கு டெஸ்ட்டுக்கு போன எடத்துல தான் அந்த நர்ஸம்மா என் முதுக தட்டுச்சு. எனக்கு சுகரு, குடுக்க முடியாதுன்னுட்டாங்க. அக்காவுக்கும் சுகரு. எங்க நைனா தகராறு இல்லாம ரெண்டு பேருக்கும் சமமா பிரிச்சி குடுத்துட்டு போன ஒரே சொத்து அதான். அக்கா மாமாவுக்கு ஒரே பொண்ணு, அதுவும் மாசமா கீது. “எவனாச்சும் எம்பொண்ணாண்ட இத்த பத்தி வாயத் தெறந்தீங்க, நான் பஸ்ஸே ஏற மாட்டேன்”னு மாமா ஒரே போடா போட்டுட்டாரு.

ஆக, ஒரே ஒரு வழி. லிஸ்ட்டுல பேரக் குடுத்துட்டு காத்துக்கினு இருக்கணும். எங்கயோ ஒருத்தரு மூளை செத்து பூடணும், அவங்க வூட்டாளுங்க அந்த அழுவையிலயும் சரின்னு சொல்லணும், அப்பறம் வரிசைல மாமா பேரு வரணும். இதுல நாம பண்றதுக்குன்னு ஒரு வேலையும் இல்ல. சாமி கும்புடலாம்னா, இன்னான்னு கும்புடறது? “எவனையாச்சும் சாவடி”ன்னா?

3

காஞ்சிபுரத்துல மாமாவுக்கு மெஷின் போடற வார்டுல, சொவுத்துல ஒரு டிவி. ரிமோட்டு நர்ஸாண்ட. கிட்னிக்கு காத்துக்கினு படுத்துக்கினு கீறவங்க மூஞ்சிக்கு நேரா “கிட்னி புரோக்கர் கைது”ன்னு ஓடுமாம். அது முடிஞ்சா சீரியலு. அதுல வில்லன் டாக்டரு கண்ணாடிய கழட்டிக்கினே சிரிப்பாராம்.

“ஒருத்தன் இன்னாத்த பாக்கறான்னு சொல்லு, குடுப்பானா மாட்டானான்னு நான் சொல்றேன்”னாரு மாமா. அவருக்கு படுத்துக்கினு யோசிக்க நேரம் நெறைய. “டீக்கடைல பேப்பர் படிக்கறவன் கீறான் பாரு, அவன் உறுப்பு குடுத்தவரு பொணத்துக்கு கலெக்டரு வந்து மாலை வெக்கற போட்டோவ பாத்துட்டு ‘பெரிய மனசுய்யா’ன்னு சொல்றான். டிவி பாக்கறவன் ‘இதுல எம்மா கை மாறிச்சோ’ன்றான். போன் பாக்கறவன் சிரிக்கறான்.”

“நீங்க மாமா?”

“நான் மூணையும் பாக்கறேன். பெரிய மனசுன்னு நானே சொல்லி, எம்மா கை மாறிச்சோன்னு நானே கேட்டு, நானே சிரிச்சிக்கறேன்.”

அப்பறம் மெதுவா சொன்னாரு. “உன் வீடியோ இங்கயும் வந்துச்சு தாமு. பக்கத்து பெட்டுக்காரு காட்டினாரு. நல்லாத்தான் கீது. சிரிச்சதுல என் மெஷினு பீப் பீப்னு அடிச்சி நர்ஸு ஓடி வந்துட்ச்சு.”

“அது என் மச்சான்னு சொன்னீங்களா?”

“சொல்லல.”



அதே மாசம் இங்க வைத்தியத்துக்கு கவர்மெண்டு குடுக்கற என் ஹெல்த் கார்டு காலாவதி ஆச்சு. ஆபீஸ்ல டோக்கன் வாங்கிக்கினு, குந்தி, எழுந்து, தப்பான கவுன்டர்ல நின்னு, சரியான கவுன்டருக்கு போயி, வூட்டு அட்ரஸுக்கு ஆதாரமா எடுத்துக்கினு போன கரண்டு பில்லு பொண்டாட்டி பேர்ல இருந்துச்சுன்னு திரும்பி வந்து, அடுத்த நாளு மறுபடியும் போனேன். எல்லாம் முடிஞ்சி கடைசியா கவுன்டர்ல இருந்த அம்மா சிரிச்சிக்கினே ஒண்ணு கேட்டுச்சு: செத்தா உறுப்பு குடுக்க பேரு பதிஞ்சிக்கறீங்களா?

ஒலகத்துல எவனாச்சும் ஒருத்தன் குடுக்க மாட்டானான்னு ஏங்கிக்கினு கீறவன் நானு. நான் இன்னா சொன்னேன் தெரியுமா? “ஐ ஆஸ்க் மை ஒய்ஃப்.”

உன் பொண்டாட்டியுத கேக்கலய்யா, உன்னுதத்தான் கேக்கறேன்னு சொல்ற மாதிரி பாத்துச்சு.

வூட்டுக்கு வந்து என் பொண்டாட்டி சுமதியாண்ட கேட்டேன். “வேணாம்”னுச்சு. “பேரு குடுத்துட்டா, அடிபட்டு போனா டாக்டருங்க சரியா பாக்க மாட்டாங்களாம். எடுக்கறதுலயே குறியா இருப்பாங்களாம்.”

“யாரு சொன்னா?”

“வீடியோல பாத்தேன்.”

“எந்த வீடியோல?”

அது என்னயே பாத்துச்சு. “உங்க வீடியோ தான்.”

“அது காமெடிடி!”

“காமெடின்னு எனக்கு தெரியாதா? சிரிச்சிட்டேன், அப்பறம் மறந்தும் பூட்டேன். ஆனா நீங்க இப்ப கேட்டதும் அந்தாளு எழுந்து குந்தறதுதான் கண்ணு முன்னாடி வருது. நான் இன்னா பண்ண?”

பக்கத்துல பொண்ணு நிவேதா சாப்ட்டுக்கினு இருந்துச்சு. அதுக்கு அப்பதான் பதினாறு. நிவி தமிழ் கத்துக்கினது சனிக்கெழம கிளாஸ்ல, யாழ்ப்பாணத்து டீச்சராண்ட. ‘கீது’ன்னு எழுதினா செவப்புல சுழி போடுவாங்களாம். அதனால எம்பொண்ணு என்னாண்ட பேசறது வேற ஊர் தமிழு.

“நான் போன கிழமையே பதிஞ்சிட்டன் அப்பா. ஸ்கூல்ல ஒராள் வந்து கதைச்சவ. போன்ல ரெண்டு நிமிஷம்தான். இதுல என்ன பயம்? எனக்கு விளங்கேல்ல.”

சுமதி கரண்டிய வெச்சிட்டு அழுதுச்சு. வயசுக்கு வந்த பொண்ணு சாவ பத்தி பேசுதுன்னு அழுவ. நான் யாரு பக்கம் பேசறதுன்னு தெரியாம ரசம் ஊத்திக்கினேன். ஒரே வூட்டுல, ஒரே வைஃபைல, மூணு பேரு மூணு ஒலகத்த பாத்துக்கினு கீறோம். நிவி பாக்கறதுல செத்தவங்க எழுந்து குந்தறதில்ல. நாங்க பாக்கறதுல எழுந்துக்காதவங்களே இல்ல.

4

சரி, நாம கெடுத்தத நாமளே சரி பண்ணுவோம்னு ஒரு நாளு முடிவு பண்ணேன். ரொட்டி கம்பெனி பார்க்கிங்ல, காருக்குள்ள, வெளிய பனி கொட்டிக்கினு கீது. நல்ல சட்டையா போட்டுக்கினு வீடியோ எடுத்தேன். மூளை செத்து பூட்ச்சுன்னா மயக்கம் இல்ல, திரும்பி வராது, நெஞ்சு ஏறி எறங்கறது மெஷின் பண்ற வேல, அந்த நேரத்துல குடுத்தா எத்தினியோ பேரு பொழைப்பாங்கன்னு, நர்ஸம்மாவாண்ட கேட்டு வெச்சிக்கினு சொன்னேன். மாமா காலு வீக்கத்த பத்தி சொல்றப்ப மெய்யாலுமே அழுதுட்டேன்.

குரூப்ல போட்டேன். சிரிக்கற பொம்மையா வந்து கொட்டுச்சு.

“டேய் தாமு, நடிப்புல பின்னிட்ட போ!”

“அண்ணா, கடைசில பஞ்ச்சு கட்டாயிட்ச்சு. திருப்பி அனுப்பு.”

“அழுவற எடம் சூப்பரு.”

நான் எழுதினேன்: இது காமெடி இல்லடா, மெய். அதுக்கு இன்னும் ரெண்டு மடங்கு சிரிச்சாங்க. எவனோ நான் அழுவற எடத்த மட்டும் வெட்டி, அதுக்கு தவில் அடி சேத்து வுட்டான். அதான் ஊரு பூரா போச்சு. கிட்னிய பத்தி சொன்னத எவனும் கேக்கல.

மாமாவாண்ட சொன்னேன். “வுடு தாமு”ன்னாரு. “நீ எழவு வூட்டுக்கு போனாக்கூட உன்ன பாத்ததும் சிரிக்கறதுக்கு வாய ரெடி பண்ணிக்குவானுங்க. அத்த இத்தினி வருஷமா நீதான கஷ்டப்பட்டு சம்பாரிச்ச?”

5

சேகரு திருப்புலிவனத்துக்காரன். உத்திரமேரூர் ஸ்கூல்ல என் பெஞ்சு. பயிர் வெச்சிக்கினு கீறான். அவன் பையன் தினேஷு, ஒரே புள்ள, கார் பார்ட்ஸ் பண்ற கம்பெனில வேலைக்கு போய்க்கினு இருந்தான். ஒரு நாளு கம்பெனி பஸ்ஸ வுட்டுட்டு பைக்ல போயிருக்கான். ராஜகுளத்தாண்ட, நிறுத்தி வெச்ச லாரி பின்னாடி மோதிட்டான். மெட்ராஸ்ல பெரிய ஆஸ்பத்திரில சேத்தாங்க. ரெண்டு மூணு நாள்ல மூளை செத்து பூட்ச்சுன்னு சொல்லிட்டாங்க. டாக்டருங்க டெஸ்ட்டு பண்ணி, திரும்ப ஒரு தபா பண்ணி, அப்பறமா ஒரு பொண்ணு வந்து குந்தி, உறுப்பு குடுக்கறத பத்தி பொறுமையா பேசியிருக்குது.

சேகரு எனக்கு போன் பண்ணான். நான் இங்க சாப்பாட்டு நேரத்துல ரொட்டிய பிச்சிக்கினு இருந்தேன்.

“தாமு, நீ வெளிநாட்ல கீற, உனக்குத் தெரியும்னு கேக்கறேன். நெஞ்சு ஏறி எறங்குதுடா. கைய தொட்டா சூடா கீது. செத்துட்டான்னு சொல்றாங்க. செத்தவன் ஒடம்பு சூடா இருக்குமாடா?”

சொன்னேன். மெஷின்டா அதுன்னு, தெரிஞ்ச அளவு சொன்னேன்.

அப்பறம் கேட்டான். “நீ ரெண்டு வீடியோ போட்ட. ஒண்ணுல செத்தவன் எழுந்துக்கறான். ஒண்ணுல எழுந்துக்க மாட்டான்னு சொல்லி நீ அழுவற. எதுடா மெய்?”

“ரெண்டாவது.”

“அது உங்க மாமாவுக்கு கிட்னி வேணும்னு ஆனதுக்கு அப்பறம் போட்டது தான?”

தப்பா கேக்கல அவன். கோவமாவும் கேக்கல. கணக்குல தனக்கு வெட வரலன்னா என்னாண்ட கேப்பானே ஸ்கூல்ல, அப்பிடி கேட்டான். நான் சொன்னேன், “சேகரு, மாமாவுக்கு வராதுடா. வரிசப்படி போவும். யாருக்கு போவுதுன்னு உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.” நான் பேசப் பேச எனக்கே அது புரோக்கர் பேச்சு மாதிரி கேட்டுச்சு.

அப்ப பின்னாடி ஒரு சத்தம் வந்துச்சு. கொறச்சலா வெச்சிக்கினு எதுவோ ஓடுது. “எடுத்தத எடுத்த எடத்துல வெச்சிட்டு...” என் வாய்ஸு. ஐசியு வாசல்ல.

“யாருடா அத்த பாக்கறது?”

“வசந்தா தான். நேத்துல இருந்து அதையே பாத்துக்கினு கீது. இந்தா, பேசு.”

வசந்தா சேகரோட வூட்டுக்காரி. நான் பயந்துட்டேன். ஆஸ்பத்திரிக்காரன் திருடுவான்னு பயந்துக்கினு பாக்குது, என்னத் திட்டப் போவுதுன்னு நெனச்சேன். அது போன வாங்கி கேட்டுச்சு:

“அண்ணா, உங்க வீடியோல எழுந்து குந்தறாரே ஒருத்தரு. அவரு எந்த ஊரு? அது எந்த ஆஸ்பத்திரி? நெலத்த வித்தாச்சும் தினேஷ அங்க தூக்கிக்கினு போயிடறோம்.”

நான் பண்ண ஜோக்க அது கேக்கவே இல்ல. என் வாய்ஸு அது காதுல வுழவே இல்ல. அந்தாளு எழுந்துக்கறத மட்டும், திருப்பித் திருப்பி பாத்துக்கினு இருந்திருக்குது.

எங்க பக்கத்துல ஒரு பழக்கம் உங்களுக்குத் தெரியும். யாராண்டயும் மூஞ்சிக்கு நேரா இல்லன்னு சொல்ல மாட்டோம். பொண்ணு கேட்டு வந்தாலும், வேல கேட்டு வந்தாலும், குடுக்கற எண்ணமே இல்லன்னாலும், “விசாரிச்சி சொல்றேன்”னு அனுப்புவோம். கேட்டவனும் புரிஞ்சிக்கினு பூடுவான். அது மரியாத. அந்தப் பழக்கத்துல என் வாய் தானா சொல்லிட்ச்சு:

“விசாரிச்சி சொல்றேம்மா.”

“சீக்கிரம் சொல்லுங்கண்ணா. டாக்டராண்ட அது வரைக்கும் எதுவும் பேச வேணாம்னு சொல்லிடறேன்.”

போன வெச்சிட்ச்சு.

6

சரி, சொல்லிட்டோமே, விசாரிப்போம். எனக்கு அந்த வீடியோவ அனுப்பினவன கேட்டேன். அவன் குவைத்துல கீற அவன் மச்சான கை காட்டினான். மச்சான் ஒரு டிரைவர சொன்னான். டிரைவரு, “குரூப்ல வந்துச்சுண்ணா, எந்த குரூப்னு தெரியல”ன்னான். எல்லாரும் அனுப்பியிருக்காங்க. எவனும் எடுக்கல.

வூட்டுக்கு வந்து நிவியாண்ட காட்டினேன். அது வீடியோவ நிறுத்தி, ஒரு படம் புடிச்சி, எங்கயோ போட்டுத் தேடுச்சு. நான் டீ குடிச்சி முடிக்கறதுக்குள்ள முழு வீடியோ கெடச்சிட்ச்சு. நம்மாண்ட வந்தது நடுவுல ஒரு துண்டு. மெய்யான வீடியோ அப்பறமும் போவுது. ஓடினவங்க எல்லாம் சிரிச்சிக்கினே திரும்பி வர்றாங்க. படுத்திருந்தவரு வெள்ளத் துணிய தோள்ல போட்டுக்கினு கும்புடறாரு. பின்னாடி திரைச்சீல கீது. சனங்க கை தட்டறாங்க. எங்கயோ வடக்க காலேஜ் பசங்க போட்ட நாடகம். எழுந்தவரு இந்தில ரொம்ப நேரம் எதுவோ சொல்றாரு. இன்னா சொல்றாருன்னு எங்க ரெண்டு பேருக்கும் புரியல.

“அப்பா, அந்த வசந்தா அன்ரிக்கு இப்பவே சொல்லுங்கோ”ன்னுச்சு நிவி.

“அங்க இப்ப விடியல கண்ணு. தூங்குவாங்க.”

“ஐசியு வாசல்ல ஆரப்பா நித்திரை கொள்ளுவினம்?”

நான் போன எடுத்தேன். வெச்சேன். இன்னான்னு சொல்றது? அம்மா, அது நாடகம், உன் புள்ள எழுந்துக்க மாட்டான்னா? அத்த டாக்டரு சொல்லட்டும். சேகரு சொல்லட்டும். பதிமூணாயிரம் கிலோமீட்டருக்கு இந்தாண்ட குந்திக்கினு, ஜோக்கு போட்டு பொழைக்கறவன் நான் எப்பிடி சொல்றது? “வசந்தாம்மா”ன்னு டைப் அடிச்சி அழிச்சேன். அங்க விடிஞ்சதும் மாமாவ போயி நேர்ல சொல்லச் சொல்லலாம்னு அவருக்கு போன் பண்ணி, வீடியோ பத்தி எல்லாம் சொன்னேன்.

“நானா?”ன்னாரு மாமா. “தாமு, நான் கிட்னி இல்லாதவன். நான் அந்த ஐசியு வாசல்ல போயி நின்னா, கழுகு வந்து குந்தின மாதிரி இருக்கும். சேகரு மூஞ்ச நான் எப்பிடி பாப்பேன்? அது உன்னத்தான கேட்டுச்சு. நீ சொல்லு.”

நாளைக்கு சொல்றேன்னேன். வேலைக்கு போனேன். அடுத்த நாளும் போனேன். நாலு வண்டிக்கு ரொட்டி ஏத்தினேன். போன் அடிக்கக் கூடாதுன்னு கும்புட்டுக்கினு இருந்தேன். அடிக்கல.

அப்பறம் குரூப்ல சேதி வந்துச்சு. தினேஷோட நெஞ்சும் நின்னு பூட்ச்சு. நின்னதுக்கு அப்பறம் கிட்னி, ஈரலுன்னு எடுத்து குடுக்கற மாதிரி ஒண்ணியும் மிச்சம் இல்லயாம். ஆக்சிடெண்ட் கேஸுன்னு போஸ்ட்மார்ட்டம் பண்ணித்தான் குடுத்தாங்க. எங்க புள்ள ஒடம்புல கத்தி படக் கூடாதுன்னு சொந்தக்காரங்க கத்தினாங்களாம். கத்தி பட்டுது. யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்லாம பட்டுது.

சேதிக்கு கீழ எல்லாரும் கண்ணீர் பொம்ம போட்டாங்க. நானும் ஒண்ணு போட்டேன். என் கண்ணீர் பொம்மைக்கு எவனோ கை தவறி சிரிப்பு போட்டுட்டு, அழிச்சான்.

7

மாமா எழவுக்கு போயிட்டு வந்தாரு. மெஷின் நாளு அது. மெஷின வுட்டுட்டு போனாரு. அடுத்த நாளு மூச்சு வாங்கிக்கினு காஞ்சிபுரத்துல ராத்திரி தங்க வேண்டியதா பூட்ச்சு. அக்கா என்னாண்ட பேசல, போன மாமா கைல குடுத்துட்டு அந்தாண்ட பூட்ச்சு.

“மாமா, ஒருவேள குடுத்திருந்தா உங்களுக்கு வந்திருக்குமா?”

“எனக்கு எங்கடா வரும். எனக்கு முன்னாடி கீறவனுக்கு போயிருக்கும். அவன் மெஷின்ல இருந்து எறங்கியிருப்பான். நாங்க எல்லாம் ஒரு அடி முன்னாடி நவுந்திருப்போம்.” மூச்சு வுட்டு வுட்டு பேசினாரு. “இப்ப நிக்கற எடத்துலயே நிக்கறோம். அவ்ளோதான்.”

நானும் பேரு பதிஞ்சிட்டேன். நிவி தான் போன்ல போட்டுக் குடுத்துச்சு. சுகர் புடிச்ச கிட்னி, கொழுப்பு புடிச்ச ஈரலு, எவன் தலையெழுத்தோ. கண்ணு மட்டும் நல்லா கீதுன்னு சொன்னாங்க. சுமதியாண்ட இன்னும் சொல்லல. விசாரிச்சி சொல்றேன்னு வெச்சிக்கினு கீறேன்.

தினேஷுக்கு காரியம் முடிஞ்சதுக்கு அப்பறம் சேகருக்கு போன் பண்ணேன். அவன் கழனிக்கு போயிருந்தான். வசந்தா எடுத்துச்சு. இன்னா பேசணும்னு நான் மனசுக்குள்ள அடுக்கி வெச்சிருந்தது எல்லாம் பூட்ச்சு. “அம்மா, அந்த வீடியோ...”ன்னு ஆரம்பிச்சேன்.

“தெரியும்ணா. உங்க மாமா வந்தப்ப நான் தான் கேட்டேன். நாடகமாம். உங்களுக்கு நான் கேட்ட மொத நாளே தெரியுமாம்.”

“எப்பிடிம்மா நான் உன்னாண்ட...”

“சொல்லியிருந்தா கையெழுத்து போட்டிருப்பேன்”னுச்சு. கொரல் ஒசத்தல. பாத்திரம் வெளக்கற சத்தம் கேட்டுக்கினே இருந்துச்சு. “நீங்க போன் பண்ணுவீங்கன்னு தான் டாக்டர நிக்க வெச்சேன். என்ன அழ வெக்கக் கூடாதுன்னு பயந்துக்கினீங்க. நான் எப்பிடியும் அழுவத்தான போறேன். குடுத்துட்டு அழுதிருப்பேன்.”